ஒரு துண்டு கேக்கில் டயட் போய்விடாது: எடை குறைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டயட் ஏன் பாதியில் நின்றது என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் "வாயைக் கட்ட முடியலை" என்பதுதான். வாயின் மேல் பழி போடுமுன் கணக்கைப் பார்த்துவிடலாம்.

ஒருவர் உடல் செலவழிப்பதைவிடத் தினமும் 500 கலோரி குறைவாகச் சாப்பிடுகிறார். நான்காம் நாள் மாலை, திட்டத்தில் இல்லாத ஒரு துண்டு கேக், சுமார் 350 கலோரி. அப்போதும் அன்றைய கணக்கில் 150 கலோரி குறைவுதான். ஆனால் "இன்னைக்குப் போச்சு, திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கலாம்" என்று ராத்திரி இன்னொரு 1,500 கலோரி உள்ளே போனால், முதல் மூன்று நாள் மிச்சம் பிடித்த 1,500-ல் 1,350 காலி. காலி செய்தது கேக் அல்ல, "போச்சு" என்ற அந்த நினைப்பு.

இது மனம்போன போக்கில் சொல்வதல்ல. 1975-ல் வெளியான ஓர் ஆய்வில், சிலருக்கு முதலில் மில்க்ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ருசி பார்க்கச் சொல்லி ஐஸ்கிரீம் வைத்தார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு வைத்துக்கொள்ளாதவர்கள் மில்க்ஷேக் குடித்தபின் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் வாயைக் கட்டுகிறவர்கள்தான் குடித்தபின் அதிகம் சாப்பிட்டார்கள்.

ஆகவே வழுக்கினால் செய்ய வேண்டியது ஒன்றே: அடுத்த வேளையை வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவில் சாப்பிடுவது. மறுநாள் காலை பட்டினி கிடந்து "ஈடுகட்டுவது" மாலையில் அகோரப் பசியாகத் திரும்பி வரும். நடந்தே கரைத்துவிடலாம் என்ற நம்பிக்கையும் வேண்டாம். 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது ஏறக்குறைய 150 கலோரிதான். நடை உடம்புக்கு நல்லது. அதைத் தண்டனையாக்கினால் நடையும் வெறுத்துப்போகும்.

இன்னொரு பெரிய தவறு, ஒரேயடியாகக் குறைப்பது. 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 ஆரோக்கியமான ஆண்களுக்கு 24 வாரம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார்கள். எடை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இறங்கியது. கூடவே புத்தி முழுக்கச் சாப்பாட்டிலேயே சுற்ற ஆரம்பித்தது. சிலர் சமையல் குறிப்புகளைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். நாள் முழுக்கத் தீனி நினைப்பாகவே இருக்கிறதென்றால், மனவுறுதியைச் சந்தேகிக்குமுன் தட்டில் இருப்பது போதுமா என்று பாருங்கள். வாரம் அரை கிலோ இறங்கினாலே நல்ல வேகம்.

"நல்ல உணவு", "கெட்ட உணவு" என்று பட்டியல் போடுவதும் இதே குழியில்தான் தள்ளும். ஒரு பக்கம், விலக்கியது மனதை அரித்துக்கொண்டே இருக்கும். மறுபக்கம், "நல்லது" என்ற பெயரில் அளவு மறந்துபோகும். 30 கிராம் பாதாம், அதாவது ஒரு சிறு கைப்பிடி, 170 கலோரிக்கு மேல். தேனும் சர்க்கரைதான். ஆலிவ் எண்ணெயானாலும் வேறு எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரி. ஒரு மேஜைக்கரண்டி, 15 மில்லி, ஏறத்தாழ 120.

எண்ணெயில்தான் கண் அதிகம் ஏமாறுகிறது. பாட்டிலைச் சாய்த்து வாணலியில் ஒரு சுற்று விட்டால் அது ஒரு கரண்டியா மூன்றா என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு வாரத்துக்கு மட்டும், அன்றைக்கான எண்ணெயைக் காலையிலேயே கரண்டியால் அளந்து கிண்ணத்தில் எடுத்து வைத்து, அதிலிருந்தே சமைத்துப் பாருங்கள். எத்தனை மணிக்குக் கிண்ணம் காலியாகிறது என்பதே போதுமான பாடம். 1992-ல் வந்த ஓர் ஆய்வில், "எவ்வளவு குறைத்தாலும் எடை இறங்கவில்லை" என்றவர்கள், உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவாகக் கணக்குச் சொல்லியிருந்தார்கள். கண்ணளவு அவ்வளவு தப்பும்.

எடை மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை. உடலில் சேமித்திருக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். முதல் வாரம் 2 கிலோ சடசடவென்று இறங்குவதில் பெரும்பகுதி அந்த நீர்தான்; உப்பு கூடிய சாப்பாட்டுக்கு மறுநாள் ஒரு கிலோ ஏறுவதும் நீர்தான். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி, அது ஒரே ராத்திரியில் சேராது. தினமும் காலையில் எடை பார்த்தாலும், வாரச் சராசரியை வாரச் சராசரியோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

எல்லாப் பழக்கத்தையும் ஒரே நாளில் மாற்றவும் கிளம்பாதீர்கள். புதுப் பழக்கம் 21 நாளில் ஒட்டிக்கொள்ளும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. லண்டனில் நடந்த ஓர் ஆய்வில் சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 வரை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை. ஒன்றை எடுங்கள்: டீயில் சர்க்கரையைப் பாதியாக்குவது, அல்லது மொபைலைத் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிடுவது. அது யோசிக்காமலே நடக்கத் தொடங்கிய பிறகு அடுத்தது.

இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள், மருத்துவரிடம் அளவை மாற்றிக்கொள்ளாமல் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். ஒளித்துவைத்து நிறுத்த முடியாமல் சாப்பிடுவதும், சாப்பிட்டதை வாந்தி எடுப்பதும் டயட் தவறுகள் அல்ல, சிகிச்சை உள்ள நோய்கள். அங்கே கலோரிக் கணக்கை மூடி வைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள்.