மலையூர்களிலிருந்து இராமேசுவரம் தீவுக்கு: காற்றறிந்து கரையைத் தேர்ந்தெடுத்தல்

கொடைக்கானல், பண்ணைக்காடு, தாண்டிக்குடி ஆகிய ஊர்களிலிருந்து இராமேசுவரம் செல்வோர் பெரும்பாலும் கோயிலையும் தனுஷ்கோடியையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு மலையேறிவிடுகிறார்கள். இரண்டு இரவுகள் தங்கினால்தான் பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் ஆகிய மூன்று ஊர்களையும் அவற்றின் கடற்கரைகளையும் நிதானமாகக் காண முடியும்.

எந்த மாதத்தில் போவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். தீவின் வடக்கே பாக் நீரிணையும் தெற்கே மன்னார் வளைகுடாவும் இருக்கின்றன. ஆண்டின் பெரும்பகுதியில் ஒன்று அடங்கியிருக்கும்போது மற்றொன்று கொந்தளிக்கும். மலையில் சீசன் முடிந்து, விடுதிகளிலும் கடைகளிலும் உழைப்பவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசுவதால் தென்கரையில் அலை உயரும். அப்போது குழந்தைகளுடன் செல்பவர்கள் வடகரையை நாட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்றில் வடகரை சீறும். அது புயற்காலமும் ஆகையால், பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதாகச் செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிவைப்பதே சரி. பிப்ரவரியும் மார்ச்சும் இரு கரைகளுக்கும் உகந்தவை என்பது என் கருத்து.

வத்தலக்குண்டு, நிலக்கோட்டை வழியாக மதுரையை அடைந்து, மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் கடந்தால் மண்டபம் வரும். வழியில் உச்சிப்புளிக்கு அருகிலுள்ள அரியமான் கடற்கரை தீவைச் சேர்ந்ததன்று. ஆயினும் சவுக்கு மர நிழலும் ஆழமற்ற நீரும் உள்ள அந்த இடத்தில், கடலுக்குப் பழகாத மலைப்பிள்ளைகளை முதலில் இறக்குவது நல்லது. மதுரையிலிருந்து ரயிலில் செல்பவர்கள் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் வழியாகத் தீவுக்குள் நுழைவார்கள். 1914 முதல் ரயில்களைச் சுமந்த பழைய பாலத்தின் அருகிலேயே அது கட்டப்பட்டது.

பாம்பனில் குந்துகால் கரையைத் தவறவிடக் கூடாது. சிகாகோவில் உரையாற்றிய விவேகானந்தர், 1897 ஜனவரியில் இலங்கையிலிருந்து வந்து கரையிறங்கிய இடம் அது. அங்கே அவருக்கு நினைவு மண்டபம் உண்டு. தங்கச்சிமடத்தின் வடகரையில், கடலுக்குள்ளேயே நன்னீர் ஊறும் வில்லூண்டித் தீர்த்தம் இருக்கிறது. பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம் சாலையோரத்திலேயே அமைந்துள்ளது.

இராமேசுவரத்தில் அக்னி தீர்த்தக் கடலில் நீராடிய பின் கோயிலின் 22 தீர்த்தங்களிலும் நீராடுவது வழக்கம். ஈர உடையுடன் சந்நிதிக்குள் செல்லலாகாது என்பதால் மாற்றுடையைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

தனுஷ்கோடிக்கு ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குங்கள். இலங்கைக்குக் கப்பல் ஏறும் துறையாக விளங்கிய அவ்வூரை, 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வீசிய புயல் அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலைக் கடல் கொண்டதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இடிந்து நிற்கும் தேவாலயச் சுவர்களின் மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள். மடிந்தவர்களின் ஊர் அது, இன்றும் மீனவக் குடும்பங்கள் குடிசைகளில் வாழும் ஊரும் கூட. அங்கிருந்து சாலை அரிச்சல்முனையில் முடிகிறது. இரு கடல்களும் கூடும் அந்த முனையில் நீரோட்டம் மிகக் கடுமையானது. நீந்தத் தெரிந்தவர்களும் அங்கே இறங்கக் கூடாது. கரையில் நின்று பார்ப்பதே போதும். மாலைக்குப் பின் அங்கே இருக்க அனுமதியில்லை, நண்பகலில் ஒதுங்க நிழலும் இல்லை. ஆகவே விடிந்ததும் கிளம்பி, திரும்பும் வழியில் அந்தப் புயலிலும் நிலைத்து நின்ற கோதண்டராமர் கோயிலைக் காணலாம். குளிர்காலமானால் அதன் அருகிலுள்ள நீர்ப்பரப்பில் பூநாரைகளும் தென்படக்கூடும்.

குளிருக்குப் பழகிய நம் உடல் அந்த வெயிலிலும் புழுக்கத்திலும் விரைவில் சோர்ந்துவிடும். தொப்பியும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் எப்போதும் கையில் இருக்கட்டும். திரும்பும்போது வத்தலக்குண்டை அடைய இருட்டிவிட்டால், களைப்போடு மலைப்பாதையில் ஏறாமல் அங்கேயே தங்கி மறுநாள் காலையில் புறப்படுங்கள்.