ஸ்டாக் பைக்கில் டிராக் ரேஸ்: முதல் 60 அடியை ஓட்டக் கற்பது எப்படி?

நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் கிளம்பி, கால் மைலை யார் சீக்கிரம் கடக்கிறார் என்பதுதான் டிராக் ரேஸ் (drag race). ஹயபூசா, நிஞ்ஜா இசட்எக்ஸ்-14ஆர் போன்ற பைக்கை ஷோரூமிலிருந்து வந்தபடியே ஓட்டினாலும், கைதேர்ந்தவர் 402 மீட்டரை, அதாவது கால் மைலை, 10 விநாடியை ஒட்டி முடித்துவிடுவார். அதே வண்டியில் புதியவருக்கு 12 விநாடி ஆனாலும் ஆச்சரியமில்லை. வித்தியாசம் இன்ஜினில் இல்லை, கிளட்ச் பிடிக்கும் இடது கையில் இருக்கிறது.

எங்கே ஓட்டுவது

கிருஷ்ணகிரி–ஓசூர் சாலை நேராகக் கிடக்கிறதே என்று அங்கே இறங்காதீர்கள். விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் ஒரு லாரி போதும். மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவில் சாலைப் பந்தயத்துக்கு முதல் முறையே 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, சிறையும் உண்டு. முழு ஓட்டத்துக்குச் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளம் மாதிரியான இடத்தில் நடக்கும் முறையான டிராக் ரேஸ் நிகழ்ச்சிக்குப் பெயர் கொடுங்கள். ஊரில் செய்ய வேண்டியது கிளட்ச் பழக்கம் மட்டும். அதற்கு 50 மீட்டர் சிமெண்ட் தளம் போதும். சீசன் முடிந்து காலியாகக் கிடக்கும் மாங்காய் மண்டி வளாகம்கூடச் சரிதான், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு.

வண்டியைத் தயார் செய்தல்

பின் டயரில் கம்பெனி சொல்லும் காற்று பெரும்பாலும் 42 பிஎஸ்ஐ. டயர் குளிர்ந்திருக்கும்போது 28-க்கு இறக்குங்கள். தரையில் படும் பரப்பு கூடும். முன் டயரைத் தொட வேண்டாம். செயின் தளர்வு, கிளட்ச் லீவர் பிளே இரண்டும் கையேட்டில் உள்ளபடி இருக்கட்டும். ஆயிலில், பைக் கிளட்சுக்கு ஏற்றது என்று சொல்லும் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை அவசியம். கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் ஸ்லிப் அடிக்கும். அப்புறம் எந்தத் திறமையும் உதவாது. முன் சக்கரம் தூக்குவதைத் தடுக்கும் எலக்ட்ரானிக்ஸ் இருந்தால் அணைக்காதீர்கள்.

ஸ்டார்டிங் லைனில்

தண்ணீர் தெளித்த பர்ன்அவுட் இடத்தை, அதாவது டயரைச் சுழற்றிச் சூடேற்றும் இடத்தை, சுற்றிக்கொண்டு வாருங்கள். ரோடு டயரின் பள்ளங்களில் தண்ணீர் தங்கி, லைனில் வந்து சொட்டும். ஈரமில்லாத இடத்தில் ஒரே ஒரு சின்னச் சுழற்றல், மண்ணும் தூசியும் போனால் போதும். அதிகம் சூடேறினால் ரோடு டயர் வழுக்கும்.

டேங்கை ஒட்டி முன்னால் உட்காருங்கள். நெஞ்சு டேங்கில், முழங்கைகள் வெளியே, இரண்டு பாதமும் தரையை லேசாகத் தொட்டபடி. ஸ்டாக் வண்டியின் வீல்பேஸ், அதாவது இரு சக்கர மையங்களுக்கு இடையே உள்ள தூரம், 1,480 மில்லிமீட்டர்தான். பிடிப்புள்ள தளத்தில் டயர் சுழல்வதற்கு முன்பே முன் சக்கரம் எழும்பிவிடும். உங்கள் எடை முன்னாலும் தாழ்வாகவும் இருந்தால்தான் அதை அடக்கலாம்.

கிளம்பச் சொல்லும் ஸ்டார்ட் விளக்கோடு இப்போதைக்குப் போட்டி போடாதீர்கள். நேரக் கணக்கு உங்கள் முன் சக்கரம் ஸ்டார்ட் கோட்டிலிருந்து நகரும்போதுதான் ஓடத் தொடங்கும்.

கிளம்புதல்

1. முதல் கியர், 4,000 ஆர்பிஎம்மில் நிலையாகப் பிடியுங்கள். ஊசி ஆடக்கூடாது. பழகியவர்கள் இன்னும் மேலே வைப்பார்கள்; அது பிறகு.

2. கிளட்ச் லீவரைக் கடிக்கும் புள்ளி வரை விடுங்கள். வண்டி அசையத் தொடங்கும் அந்த இடத்திலிருந்து, ஒன்றரை விநாடிக்குள் மீதியை ஒரே சீராக விடுங்கள். சட்டென்று விட்டால் முன்பக்கம் எழும்பும், அல்லது இன்ஜின் திணறும். ரொம்ப மெதுவாக விட்டால் கிளட்ச் பிளேட் கருகும், வாசனையே சொல்லும்.

3. லீவர் வெளியேறும் வேகத்துக்கு ஈடாக திராட்டில் (ஆக்சிலரேட்டர்) திறக்க வேண்டும். சுமார் 20 மீட்டரில் லீவர் முழுதும் வெளியே, திராட்டில் முழுதும் திறப்பு.

4. நகர்ந்ததும் கால்களைத் தூக்கி வையுங்கள். தொங்கவிட்டால் பின் சக்கரத்துக்கு மேல் எடை ஆடும்.

முன் சக்கரம் எழும்பினால் திராட்டிலை மூடிவிடாதீர்கள். சக்கரம் சற்றே கோணலாகத் தரையில் விழுந்தாலும் ஹேண்டில் உதறும். கிளட்ச் லீவரை ஒரு நூல் உள்ளே இழுத்தால் தானே இறங்கும். பின் டயர் சுழன்றால் திராட்டிலைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

ஓசூரில் பழகிவிட்டுச் சென்னைப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரம், காற்று மெலிசு. இருங்காட்டுக்கோட்டை கிட்டத்தட்ட கடல் மட்டம். வெயிலைக் கழித்தாலும் அங்கே இன்ஜின் கூடுதலாக இழுக்கும். ஆகவே அதே ஆர்பிஎம்மில் முன் சக்கரம் முன்னதாகத் தூக்கும். முதல் ஓட்டத்துக்கு 300 ஆர்பிஎம் குறையுங்கள்.

கியரும் பிரேக்கும்

ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது கியர் லீவரை உறுதியாகத் தட்டுங்கள், நடுவில் நியூட்ரல் இருக்கிறது. குவிக்‌ஷிஃப்டர் (கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்ற உதவும் கருவி) இருந்தால் திராட்டிலை மூடவே கூடாது. இல்லாவிட்டால் ஒரு கண் சிமிட்டும் நேரம் தளர்த்தினால் போதும். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் மெல்ல நிமிர்ந்து, திராட்டில் மூடி, பிறகு இரண்டு பிரேக்கையும் படிப்படியாக. பக்கத்து லேனுக்குள் திரும்பாதீர்கள்.

சீட்டைப் படித்தல்

ஓட்டம் முடிந்ததும் கிடைக்கும் நேரச் சீட்டில் கடைசி வேகத்தைப் பார்த்து மகிழ வேண்டாம். முதல் 60 அடியைக் கடக்க ஆன நேரத்தைப் பாருங்கள். அது 2.2 விநாடியிலிருந்து 1.9-க்கு வந்தால் மொத்த நேரம் அந்த 0.3-ஐ விடவும் கூடுதலாகக் குறையும். ஓட்டத்துக்கு ஓட்டம் ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள். இடையே 15 நிமிடமாவது கிளட்ச் ஆறட்டும்.

திரும்பும் வழியில் முதல் பெட்ரோல் பங்கில் பின் டயரை 42-க்கு ஏற்றுங்கள். கிருஷ்ணகிரிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் 28-இல் ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் சூடேறிக் கெட்டுவிடும்.