மூளையும் மொழியும்: பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கக் கூடாத கதைகள்

ஹோர்ட்டன் சமவெளிக்குச் சுற்றுலா போகிற பிள்ளைகளுக்கு மரத்திலிருக்கும் மந்தியைக் காட்டி, “இதிலயிருந்துதான் மனுசன் வந்தான்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கூர்ப்புப் (பரிணாமப்) பாடத்தில் முதல் பிழை அங்கேயே விழுகிறது. மந்தி நமக்குப் பாட்டன் இல்லை, தூரத்துச் சொந்தம். அதன் வழியும் நம் வழியும் பிரிந்து ஏறத்தாழ 25 மில்லியன் ஆண்டுகள் ஆகின்றன. சிம்பன்சிக்கும் நமக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்ததே 6, 7 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர்தான்.

“குரங்குக்குத் தொண்டை சரியில்லை, அதனால் பேச வரவில்லை” என்பது அடுத்த கதை. பழைய புத்தகங்களிலும் இதைக் காணலாம். ஒரு மக்காக் குரங்கு மெல்லும்போதும் குரலெழுப்பும்போதும் அதன் வாயும் தொண்டையும் எடுக்கும் வடிவங்களை எக்ஸ்ரே வீடியோவில் பதிந்து கணக்கிட்ட ஆய்வொன்று 2016இல் வெளிவந்தது. விளங்கக்கூடிய பேச்சுக்குப் போதுமான உயிரொலிகளை அந்தத் தொண்டையால் எழுப்ப முடியும் என்பதே அதன் முடிவு. அப்படியானால் குறை எங்கே? மனிதரில் மூளையின் மேற்பட்டையிலிருந்து குரல்வளைத் தசைகளை இயக்கும் நரம்புக்கலங்களுக்கு நேர்வழி உண்டு. மக்காக்குகளுக்கு அந்த வழி இல்லை.

அதற்காகக் குரங்கின் குரலை வெறும் கூச்சல் என்று தள்ளிவிடவும் கூடாது. சிங்களத்தில் ‘ரிலவா’ எனப்படும் நம் நாட்டுக் குரங்கைப் பொலன்னறுவையில் நெடுங்காலம் ஆராய்ந்த வொல்ஃப்காங் டிட்டஸ், நிறைய உணவு கண்ட குரங்கு அதற்கென்றே ஒரு தனிக் குரல் கொடுப்பதை 1984இல் எழுதினார். அதைக் கேட்டதும் கூட்டம் ஓடிவரும். பொருள் உள்ள குரல்தான் அது. ஆனால், நேற்று அந்த மரத்தில் பழம் இருந்தது, நாளைக்கும் இருக்கலாம் என்று அதனால் சொல்ல முடியாது.

மூளை பெருத்ததால் மொழி வந்தது என்பதும் அரைகுறை விளக்கமே. ஆபிரிக்க யானையின் மூளையில் சுமார் 257 பில்லியன் நரம்புக்கலங்கள். நமக்கு 86 பில்லியன். ஆனால் யானையினுடையதில் நூற்றுக்கு 98 பங்கு, மூளையின் பின்புறத்தில் இருக்கும் மூளியில்தான் (சிறுமூளையில்தான்) இருக்கிறது. மேற்பட்டையை மட்டும் எண்ணினால் யானைக்கு 5.6 பில்லியன், நமக்கு 16 பில்லியன். எடையைப் பார்த்து ஏமாறக்கூடாது.

மொழிக்கு மூளையில் ஓரிடம், ஒரு பரம்பரையலகு (ஜீன்) என்று தேடும் ஆசையும் நம்மை விடுவதில்லை. 1861இல் பரிஸ் நகரில் புரோக்கா என்ற வைத்தியர் பரிசோதித்த நோயாளி ‘டான்’ என்பதைத் தவிர அநேகமாக வேறெதுவும் பேசமாட்டார். இறந்தபின் பார்த்தபோது மூளையின் இடது முன்பகுதி கெட்டிருந்தது. பேச்சு குடியிருப்பது அங்கேதான் என்று நூற்றாண்டுக்கு மேலாகப் படித்தோம். பாதுகாத்துவைத்த அதே மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்து 2007இல் ஆராய்ந்தபோது, சேதம் உள்ளே ஆழமாகவும் பரவியிருந்தது தெரிந்தது. ஆகவே பல பகுதிகளும் அவற்றை இணைக்கும் நார்க்கற்றைகளும் சேர்ந்து செய்யும் வேலை அது. (பரீட்சையில் மட்டும் பாடநூலில் உள்ளதையே எழுதுங்கள், புள்ளி வேண்டுமே!) 2001இல் பேர்பெற்ற ஃபொக்ஸ்பி2 (FOXP2) என்ற பரம்பரையலகின் கதையும் அப்படித்தான்: அதைச் செய்திகள் ‘மொழிக்கான பரம்பரையலகு’ ஆக்கிவிட்டன. எலிக்கும் பறவைக்கும்கூட அது உண்டு.

இனி, நம் வகுப்பறைகளில் நிஜமாகவே தீங்கு செய்யும் பிழை: பேச்சையும் வாசிப்பையும் ஒன்றாக நினைப்பது. தோட்டத்து லயத்தில் வளரும் பிள்ளைக்குப் பேச யாரும் பாடம் எடுப்பதில்லை. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் சிங்களமும் கேட்டால் இரண்டையுமே பிடித்துக்கொள்ளும். மூளை குழம்பிவிடும் என்று வீட்டுப் பேச்சை நிறுத்தச் சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. எழுத்து அப்படியல்ல. அது தோன்றி ஐயாயிரம் ஆண்டுகள் சொச்சம்தான். அதற்கென்று மூளை கூர்ப்படையக் காலம் போதாது. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பார்வைப் பகுதியின் ஒரு துண்டைத்தான் வாசிப்பு தன் வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. அதனால் எழுத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் பொறுமையாகச் சொல்லித்தந்தே ஆகவேண்டும். நன்றாகப் பேசுகிற பிள்ளை வாசிக்கத் திணறினால் ‘மக்கு’ என்று முத்திரை குத்துகிறவர்களுக்கு மூளையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றுதான் சொல்வேன்.

கடைசியாக, இந்த நாட்டில் முதலில் பேசப்பட்டது தமிழா சிங்களமா என்று முகநூலில் ஓயாத சண்டை. மலைநாட்டின் தென்மேற்கு அடிவாரத்துப் பாகியங்கல குகையில் எலும்பால் செய்த அம்புமுனைகள் கிடைத்துள்ளன. வயது சுமார் 48,000 ஆண்டுகள். மரத்தில் தாவும் குரங்கையும் அணிலையும் வேட்டையாடியவர்கள் அவர்கள். திட்டமிடவும் கற்றுக்கொடுக்கவும் தெரிந்தவர்கள், பேசியிருப்பார்கள் என்றும் நம்பலாம். எந்த மொழி என்று மட்டும் எலும்பு சொல்லாது. மொழிகளை ஒப்பிட்டுப் பின்னோக்கிப் போகும் முறைகள் பத்தாயிரம் ஆண்டுக்கு அப்பால் பலிப்பதில்லை. அந்தக் குகை மனிதரின் காலத்தில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை.