சதாமும் அல்-காய்தாவும்: எழுதப் போகிறவர்கள் வழுக்கி விழும் இடங்கள்

ஈராக் போரைப் பற்றிப் புதிதாக எழுத வருகிறவர்களின் வரைவுகள் திருத்தத்துக்கு என்னிடம் வரும். பெயர்க் குழப்பம், வருடக் குழப்பம் எல்லாம் ஒருமுறை சரிபார்த்தால் தீர்ந்துவிடும், அதை விடுங்கள். சதாம் உசேனுக்கும் அல்-காய்தாவுக்கும் உறவு இருந்ததா (2003-ல் ஈராக் மீது படையெடுக்க அமெரிக்கா சொன்ன காரணங்களில் ஒன்று இது) என்ற இடம் வந்ததும், அந்தக் காலத்தில் நாங்கள் விழுந்த அதே குழிகளில் வரிசையாக வந்து விழுகிறார்கள்.

சந்திப்பைக் கூட்டணி ஆக்குவது

1990களின் நடுவில் ஈராக் உளவுத்துறை அதிகாரி ஒருவர் சூடானில் பின் லேடனைச் சந்தித்தார். பயிற்சி முகாமுக்கு இடமும் ஆயுதம் வாங்க உதவியும் பின் லேடன் கேட்டார். ஈராக் அதற்கு இசைந்ததாகத் தெரியவில்லை. இதையெல்லாம் அலசிய 9/11 விசாரணைக் குழு, இருவரும் சேர்ந்து இயங்கினார்கள் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2004-ல் எழுதியது. நம் ஆட்கள் சூடான் சந்திப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

பிராக் கதை

எழுதாதீர்கள். 9/11 விமானக் கடத்தல்காரர்களின் தலைவன் முகமது அட்டா, செக் நாட்டின் பிராகில் ஈராக் அதிகாரியைச் சந்தித்ததாகச் சொல்லப்பட்ட நாளில் அவருடைய செல்போன் ஃப்ளோரிடாவில் பயன்பாட்டில் இருந்தது.

ஒரே வாயைப் பல வாயாக எண்ணுவது

இதுதான் இன்னமும் எனக்கு எரிச்சல் தருவது. சமீபத்தில் ஒரு தம்பியின் வீடியோ ஸ்கிரிப்ட் வந்தது. அல்-காய்தாவுக்கு ஈராக் விஷ வாயுப் பயிற்சி கொடுத்ததற்குச் சான்றாக 2002 அக்டோபரில் சின்சினாட்டியில் புஷ் பேசியது, 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் பேசியது, அப்புறம் அந்தப் பேச்சுகளைச் செய்தியாக்கிய பத்திரிகைகள் என்று அடுக்கியிருந்தார். கேட்டால், "அண்ணே, இத்தனை பேர் சொல்றாங்களே!"

இத்தனை பேருக்கும் பின்னால் இருந்த முக்கிய மூலம் ஒரே ஆள், இப்னு அல்-ஷேக் அல்-லிபி. ஆப்கானிஸ்தானில் பயிற்சி முகாம் நடத்தியவர், 2001 கடைசியில் பிடிபட்டு, எகிப்திடம் ஒப்படைக்கப்பட்டவர். அங்கே அரை மீட்டருக்கு அரை மீட்டர் பெட்டியில் சுமார் 17 மணி நேரம் அடைத்தார்கள், வெளியே எடுத்துக் கால் மணி நேரம் குத்தினார்கள், அதன் பிறகு ஈராக் கதை ஒன்றைக் கட்டிச் சொன்னேன் என்று பின்னாளில் சி.ஐ.ஏ.விடம் அவரே சொன்னார். கதையில் நிஜ ஆட்களின் பெயர்களையே போட்டாராம், விவரம் மறந்துவிடாமல் இருக்க.

இந்த ஆள் வேண்டுமென்றே திசைதிருப்பக்கூடும் என்று பென்டகனின் (அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின்) உளவுப் பிரிவே 2002 பிப்ரவரியில் எழுதிவைத்தது. பவல் பேசியது அதற்கு ஒரு வருடம் கழித்து. 2004 ஜனவரியில் அல்-லிபி தன் வாக்குமூலத்தை மறுத்தார், சி.ஐ.ஏ. அந்த அறிக்கைகளைத் திரும்பப் பெற்றது; அதற்குள் போர் தொடங்கிப் பத்து மாதம் ஓடிவிட்டது.

ஆகவே எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணாமல் பின்னோக்கிப் போங்கள். முதலில் சொன்னது யார், யார் பிடியில் இருந்துகொண்டு சொன்னார், நேரில் பார்த்தாரா, சொன்னதை அப்புறம் மாற்றினாரா? இந்தக் கேள்விகளைக் கேட்டிருந்தால் தம்பியின் பட்டியல் ஒரு வரியாகச் சுருங்கியிருக்கும். அவர் கேட்கவில்லை, வீடியோவும் வெளியாகிவிட்டது.

வரைபடம் பார்க்காதது

அல்-காய்தாவோடு தொடர்புள்ள குழு என்று சதாமுக்கு எதிராகக் காட்டப்பட்ட அன்சார் அல்-இஸ்லாம் ஈராக்கில்தான் இருந்தது. வடகிழக்கில், குர்துகளின் பக்கம், சதாமின் கை எட்டாத மலைப்பகுதியில்.

சதாமுக்கு வெள்ளையடிப்பது

அல்-காய்தா கதை நிற்கவில்லை என்றதும் சிலர் அப்படியே மறுபக்கம் சாய்ந்து, அவருக்கும் பயங்கரவாதக் குழுக்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று எழுதுகிறார்கள். பாலஸ்தீனத் தீவிரவாதக் குழு ஒன்றின் தலைவர் அபு நிடால் 2002-ல் செத்தது பாக்தாதில். 1985-ல் அக்கில்லே லாரோ கப்பலைக் கடத்திய குழுவின் தலைவர் அபு அப்பாஸ் 2003-ல் பிடிபட்டதும் அங்கேதான். தற்கொலைத் தாக்குதல் நடத்திய பாலஸ்தீனர்களின் குடும்பங்களுக்கு 25,000 டாலர் வரை கொடுத்ததை ஈராக் மறைக்கவும் இல்லை. கைப்பற்றிய 6 லட்சம் ஆவணங்களைப் பென்டகனுக்காக ஆராய்ந்து 2008-ல் வெளியான அறிக்கையில், அல்-காய்தாவோடு நேரடித் தொடர்புக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்பதும் இருக்கிறது, மற்ற குழுக்களுக்கு சதாம் கொடுத்த ஆதரவும் பக்கம் பக்கமாக இருக்கிறது. பாதியை மட்டும் வெட்டி ஒட்டி எனக்கு அனுப்பினால் திருத்தாமலே திருப்பி அனுப்புவேன்.