ஆண்டு வாசிப்பு இலக்கு: பக்கக் கணக்கிலிருந்து தொடங்கும் முறை

சென்னைப் புத்தகக் காட்சி நடைபெறும் ஜனவரி மாதத்தில், இரு கைகளிலும் பைகளைச் சுமந்துகொண்டு வீடு திரும்பி, “இந்த ஆண்டு ஐம்பது புத்தகங்கள்” என்று நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் எழுதிவைத்து, பங்குனி வெயில் ஏறும்போது ஆறாவது புத்தகத்தின் நடுவில் நின்றுவிட்ட வாசகர்களுக்காக இந்த விளக்கத்தை எழுதுகிறேன். நானும் அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் அதே இடத்தில் நின்றவன். மூன்றாம் ஆண்டில் ஒன்றை மட்டும் மாற்றினேன்: எத்தனை புத்தகங்கள் என்று முதலில் முடிவுசெய்யாமல், நான் உண்மையில் எவ்வளவு படிக்கிறேன் என்பதை அளந்துவிட்டு, அந்த அளவிலிருந்து இலக்கை எடுத்தேன். அதன்பின் எந்த ஆண்டும் என் கணக்கு பாதியில் நிற்கவில்லை.

தேவைப்படுபவை ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு கடிகாரம், நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் ஏதேனும் ஒரு நூல் ஆகியவை மட்டுமே. ஜனவரி முதல் நாளுக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. சித்திரையிலோ, பள்ளி திறக்கும் ஜூனிலோ தொடங்கினாலும் கணக்கு ஒன்றுதான்.

முதல் படி: ஒரு வாரம் அளந்து பாருங்கள்

இந்த ஒரு வாரத்தில் எந்த இலக்கும் வேண்டாம். படிக்க உட்காரும்போது நேரத்தையும் பக்க எண்ணையும் நோட்டில் குறியுங்கள். எழுந்திருக்கும்போது மீண்டும் குறியுங்கள். அளக்கிறோம் என்பதற்காக வழக்கத்தைவிடக் கூடுதலாக உட்கார்ந்துவிடக் கூடாது. அப்படி உட்கார்ந்தால் கிடைப்பது உங்கள் ஒரு வார உற்சாகத்தின் அளவாக இருக்கும், ஆண்டு முழுவதற்கும் அது தாங்காது. படிக்க முடியாமல் போன நாளுக்குச் சுழியம் போட்டுவிட்டு அடுத்த நாளுக்குச் செல்லுங்கள். அந்தச் சுழியமும் கணக்கில் சேர வேண்டிய எண்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. ஏழு நாள்களில் ஐந்து நாள்கள் படித்திருக்கிறீர்கள். மொத்தம் 130 நிமிடங்கள், 78 பக்கங்கள். அதாவது ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் நாற்பது நொடிகள். இந்த 78 என்னும் எண்ணைக் கட்டமிட்டு வையுங்கள்; இனி வரும் எல்லாக் கணக்குகளும் இதிலிருந்தே பிறக்கும்.

அளக்கும்போது இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, மொழி. ஆங்கில வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கு, வீட்டில் முழுக்கத் தமிழிலேயே பேசினாலும், அச்சுத் தமிழை வாசிக்கும் வேகம் ஆங்கில வேகத்தைவிடக் குறைவாக இருப்பது இயல்பு. இதில் வெட்கப்பட எதுவுமில்லை. தொடர்ந்து படிக்கப் படிக்க அந்த இடைவெளி சுருங்கும். ஆனால் இரு மொழிகளிலும் படிக்க விரும்புகிறவர்கள் இரண்டையும் தனித்தனியாக அளந்துகொள்ள வேண்டும். நாவலுக்கும் உரையுடன் கூடிய சங்கப் பாடல்களுக்கும் இடையிலும் அதே அளவு வேறுபாடு உண்டு. நாவலில் இருபது பக்கங்கள் ஓடும் நேரத்தில் சங்கப் பாடல்களில் நான்கு பக்கங்கள் நகர்ந்தால் அதுவே நல்ல வாசிப்பு.

இரண்டாவது, பக்கத்தின் அளவு. தமிழ் நூல்கள் பலவற்றில் முதல் சில பக்கங்களுக்குள் நூற்குறிப்பு ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். பதிப்பு, விலை ஆகியவற்றோடு நூலின் அளவு டெம்மியா கிரவுனா, எழுத்து எத்தனை புள்ளி, மொத்தம் எத்தனை பக்கங்கள் என்பனவும் அதில் இருக்கும். கிரவுன் அளவு டெம்மியைவிடச் சிறியது. ஆகவே 200 பக்க கிரவுன் நூலும், சிறிய எழுத்தில் நெருக்கமாக அடிக்கப்பட்ட 200 பக்க டெம்மி நூலும் ஒரே உழைப்பைக் கேட்பதில்லை. நூலை வாங்குவதற்கு முன்னரே இந்தக் குறிப்பைப் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால், எந்த நூலை எந்த மாதத்தில் வைப்பது என்பது எளிதில் விளங்கும்.

இரண்டாம் படி: எண்ணைக் கண்டுபிடியுங்கள்

ஆண்டுக்கு 52 வாரங்கள். அவற்றில் எட்டு வாரங்களை முதலிலேயே கழித்துவிடுங்கள்: பொங்கல், தீபாவளி, பிள்ளைகளின் முழு ஆண்டுத் தேர்வு, உறவினர் வீட்டுத் திருமணம், காய்ச்சல், அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் மார்ச் மாதம் என்று அவை தாமாகவே போய்விடும். மீதி 44 வாரங்களை 78ஆல் பெருக்கினால் 3,432 பக்கங்கள் வருகின்றன. நீங்கள் படிக்கும் நூல்களின் சராசரி 220 பக்கங்கள் என்று கொண்டால், இது பதினைந்து நூல்களுக்குச் சற்று மேல்.

இலக்கை அங்கே வைத்துவிடாமல், அதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துப் பன்னிரண்டு நூல்கள், அதாவது 2,640 பக்கங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் நேற்றுவரை ஆண்டுக்கு மூன்று நூல்களை முடித்த ஒருவர் பன்னிரண்டை முடிப்பது அவருடைய வாசிப்பு வாழ்க்கையில் பெரிய மாற்றம் என்று உறுதியாக நம்புகிறேன். குறைத்துக்கொண்ட அந்த ஒரு பங்கின் பயன் ஜூன் மாதத்தில் தெரியவரும். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

மூன்றாம் படி: எதை ஒரு புத்தகமாகக் கொள்வது என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள்

இந்த விதிகளை ஆண்டின் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். நடுவில் முடிவுசெய்தால் மனம் தனக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொல்லும். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களைக் கொண்டது. அதை ஒரு நூல் என்று கொண்டால் மாதக்கணக்கில் இலக்கு நகராததுபோல் தோன்றும்; ஐந்து என்று கொண்டால் இலக்கில் பாதி நிறைந்துவிட்டதாகத் தோன்றும். பக்கங்களை எண்ணுகிறவருக்கு இந்தக் குழப்பமே இல்லை. அந்த நாவல் 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வந்தது. அதன் முதல் வாசகர்கள் வாரம் சில பக்கங்களாக மூன்று ஆண்டுகளுக்கு மேல் அதோடு நடந்தார்கள் என்பதை, மெதுவாகப் படிக்கிறோமே என்று வருந்துகிறவர்களுக்கு நான் எப்போதும் நினைவூட்டுவேன்.

ஒலிநூலைச் சேர்ப்பதா, பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும் கதைகளைச் சேர்ப்பதா, தேர்வுக்காகப் படிக்கும் பாடநூலைச் சேர்ப்பதா என்பவற்றை நீங்களே முடிவுசெய்யலாம். நான் பாடநூல்களைச் சேர்ப்பதில்லை; வாசித்துக் காட்டும் கதைகளைச் சேர்க்கிறேன். கவிதைக்கு மட்டும் ஒரு விதியை வலியுறுத்துவேன். எண்பது பக்கத் தொகுப்பை அரை மணி நேரத்தில் புரட்டி முடித்துவிட முடியும் என்பதால், இலக்கில் பின்தங்கியவர்கள் டிசம்பரில் கவிதையை நாடுவதைப் பார்த்திருக்கிறேன். அது கவிதைக்குச் செய்யும் அநீதி. ஒரு கவிதைத் தொகுப்பை இரண்டு முறை வாசித்த பிறகே அதைக் கணக்கில் எழுதுங்கள்.

நான்காம் படி: மூன்று மாதங்களுக்கு மட்டும் நூல்களைத் தேர்ந்தெடுங்கள்

ஆண்டு முழுவதற்குமான பட்டியலைத் தயாரிப்பது இனிமையான வேலை. ஆனால் ஆகஸ்டு மாதத்தில் உங்கள் மனம் எதைத் தேடும் என்பது ஜனவரியில் தெரியாது. மூன்று மாதங்களுக்கு நான்கு நூல்களை எடுத்துவையுங்கள்: பருமனானது ஒன்று, மெலிந்தவை இரண்டு, நீங்கள் இதுவரை தொடாத துறையைச் சேர்ந்தது ஒன்று. மெலிந்த நூலை முதலில் வையுங்கள். ஒரு நூலை முடித்த நிறைவு அடுத்ததற்குள் இழுத்துச் செல்லும்.

எல்லாவற்றையும் விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. உங்கள் ஊர்க் கிளை நூலகம் அந்தப் பணத்தில் நடப்பது. சிறிய காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் செலுத்தி உறுப்பினராகிவிட்டால் நூல்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். நூலக நூலுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: பின்னட்டையின் உட்புறத்தில் ஒட்டிய தாளில் குத்தப்படும் தவணைத் தேதியைப்போல் நம்மைப் படிக்கவைக்கும் பொருள் வேறில்லை. சொந்த நூல் அலமாரியில் பத்தாண்டுகள் காத்திருக்கும். நூலக நூல் காத்திருக்காது.

பழைய நூல்களுக்கு 1998இல் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகள் இருக்கின்றன. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் நூலகம் என்னும் மின்னூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம். கைபேசியிலோ கிண்டிலிலோ படிக்கும்போது எழுத்தைப் பெரிதாக்கினால் பக்க எண்ணிக்கை மாறிவிடும் என்பதால், அத்தகைய நூல்களுக்கு அச்சுப் பதிப்பின் பக்கங்களையே கணக்கில் எடுங்கள். அது கிடைக்காவிட்டால் படித்த நிமிடங்களை உங்கள் வேகத்தைக்கொண்டு பக்கங்களாக மாற்றிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: நேரத்தையும் இடத்தையும் முடிவுசெய்யுங்கள்

“நேரம் கிடைக்கும்போது படிப்பேன்” என்று சொன்னவர்களுக்கு நேரம் கிடைத்ததை நான் கண்டதில்லை. ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு வேலைக்குப் பக்கத்தில் வாசிப்பை வையுங்கள்: காலைக் காப்பிக்குப் பிறகு பதினைந்து நிமிடங்கள், தாம்பரத்தில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கும்வரை, குழந்தை உறங்கிய பிறகு அரை மணி நேரம். அந்த நேரத்தில் கைபேசி கைக்கெட்டும் தொலைவில் இருக்கக் கூடாது. வீட்டில் அமைதி இல்லாதவர்கள் நூலகத்துக்குச் சென்று படிக்கலாம். சென்னைக் கோட்டூர்புரத்திலுள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல்களைக் கொண்டுசென்று படிப்பதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது.

ஆறாம் படி: பதிவு

நோட்டில் நூலின் பெயர், தொடங்கிய நாள், முடித்த நாள், பக்கங்கள் என நான்கு கட்டங்கள் போதும். அதற்குக் கீழே அந்த நூலைப் பற்றி ஒரே ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள். “நன்றாக இருந்தது” என்று எழுதக் கூடாது. எந்தக் காட்சி, எந்தச் செய்தி, எந்தச் சொல் மனத்தில் தங்கியது என்று எழுத வேண்டும். குட்ரீட்ஸ் போன்ற செயலிகளையும் பயன்படுத்தலாம். ஆனால் அதன் ஆண்டுச் சவால் நூல்களின் எண்ணிக்கையை மட்டுமே கேட்கும். பக்க இலக்கை வைக்க விரும்புகிறவர்களுக்கு ஸ்டோரிகிராஃப் பொருந்தும். எதை எடுத்தாலும் ஞாயிறுதோறும் அந்த வாரத்தின் பக்கங்களைக் கூட்டி எழுதும் ஐந்து நிமிட வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஏழாம் படி: பின்தங்கும்போது செய்ய வேண்டிய கணக்கு

பெரும்பாலான இலக்குகள் உடைவது இந்த இடத்தில்தான். மூன்று வாரங்கள் படிக்க முடியாமல் போய்விடுகிறது. அதை ஈடுசெய்ய அடுத்த வாரமே முந்நூறு பக்கங்கள் படிப்பதென்று முடிவுசெய்கிறோம். சனிக்கிழமை இரவு கண் எரியும்வரை படித்து, ஞாயிறு களைத்து, திங்கட்கிழமை புத்தகத்தைப் பார்க்கவே பிடிக்காமல் போகிறது. என்னுடைய இரண்டாம் ஆண்டு இலக்கு முடிந்ததும் இப்படித்தான். விடுபட்ட பக்கங்களை அடுத்த வாரத்தின் தலையில் ஏற்றக் கூடாது. மீதமுள்ள எல்லா வாரங்களுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

ஜூன் மாத இறுதியில் நீங்கள் நான்கு நூல்களை, அதாவது 900 பக்கங்களை முடித்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். பன்னிரண்டில் நான்கு என்றால் பெரிய தோல்விபோலத் தெரிகிறது. இப்போது கணக்கிடுங்கள். மீதி 1,740 பக்கங்கள். ஆண்டில் எஞ்சியிருப்பவை 26 வாரங்கள்; தீபாவளிக்கும் மற்றவற்றுக்குமாக நான்கைக் கழித்தால் 22. 1,740ஐ 22ஆல் வகுத்தால் வாரத்துக்கு 79 பக்கங்கள். முதல் வாரத்தில் நீங்கள் எந்த முயற்சியும் இல்லாமல் படித்தது 78. வழக்கமான வேகத்துக்குத் திரும்பினாலே இலக்கை எட்டிவிடலாம். ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து வைத்தது இதற்காகத்தான்.

கணக்கின் முடிவு உங்கள் இயல்பான அளவைவிடக் கால் பங்குக்கு மேல் கூடுதலாக, அதாவது ஏறத்தாழ 98 பக்கங்களைத் தாண்டி வந்தால், அன்றே இலக்கைக் குறைத்துப் புதிய எண்ணையும் தேதியையும் நோட்டில் எழுதுங்கள். வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் இருந்த ஆண்டில் நான் என் இலக்கைப் பாதியாக்கினேன். அந்த ஆண்டில் படித்த ஆறு நூல்களும் அவற்றுக்குக் கீழே எழுதிய ஆறு வாக்கியங்களும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

எட்டாம் படி: கைவிடுதலும் ஆண்டு முடிவும்

ஐம்பது பக்கங்கள் படித்தும் ஒரு நூல் உங்களை ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் அதை மூடிவைக்கலாம். படித்த ஐம்பது பக்கங்களைக் கணக்கில் சேருங்கள், நூலின் பெயருக்கு எதிரே “நிறுத்தம்” என்று எழுதுங்கள். ஒரு பிடிக்காத நூல் வாசிப்பையே இரண்டு மாதங்கள் அடைத்துக்கொண்டு நிற்பதைவிட இது மேலானது.

டிசம்பர் கடைசி ஞாயிறன்று ஆண்டின் மொத்தப் பக்கங்களைக் கூட்டி, நீங்கள் உண்மையில் படித்த வாரங்களின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டுக்கு மீண்டும் ஒரு வாரம் அளக்க வேண்டியதில்லை. ஓர் ஆண்டு முழுவதும் அளந்த எண் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. படிக்காமல் போன வாரங்கள் எட்டைவிட அதிகம் என்றால், அடுத்த ஆண்டில் அந்த எண்ணையே முன்கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள். 140ஆம் பக்கத்தில் நிற்கும் நூல் ஒன்று கையில் இருந்தால், அதை அவசரமாக முடிக்க வேண்டாம். அந்த 140 பக்கங்களை இந்த ஆண்டில் எழுதிவிட்டு, 141ஆம் பக்கத்திலிருந்து புதிய நோட்டில் தொடருங்கள்.