தேன் டின்னுக்கு உள்பூச்சு: தேன்மெழுகு பூசுவது எப்படி?

மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தளிர் விட்டதும் தேன் எடுப்பு சூடுபிடித்துவிடும். அதற்குள் டின்னைத் தயார் பண்ணிவிடுங்கள். தேன் இனித்தாலும் அமிலம்தான், பி.எச். அளவு 4-ஐ ஒட்டி இருக்கும். வெறும் இரும்பில் ஊற்றி வைத்தால் கறுக்கும், நாக்கில் இரும்பு வாடை அடிக்கும். துத்தநாகம் பூசின கால்வனைஸ்டு டின் வாங்கவே வேண்டாம், துத்தநாகம் கரைந்து தேனில் இறங்கும். பூச்சிமருந்தோ டீசலோ இருந்த டின்னையும் தொடாதீர்கள்.

முக்கால்வாசி வேலை கழுவுவதில்தான். துருவைக் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, வாஷிங் சோடா கரைத்த வெந்நீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசுங்கள். அலசியதும் உள்சுவரைப் பாருங்கள். தண்ணீர் படலமாக விரிந்து நின்றால் சரி. முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை; மெழுகு அங்கேதான் முதலில் உரியும். மறுபடி கழுவுங்கள், சோம்பல் வேண்டாம். உடனே துடைத்து நல்ல வெயிலில் வையுங்கள். மழை மூட்டத்தில் இந்த வேலையே வேண்டாம், நம்ம ஊர் ஈரத்தில் கழுவின இரும்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே துருவேறும்.

தேன்மெழுகு 62-64 டிகிரியில் உருகும். நேரடித் தீயில் வைக்காதீர்கள், பற்றிக்கொள்ளும். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். 20 லிட்டர் டின்னுக்கு அரைக் கிலோ தாராளம், மிச்சம் திரும்ப வந்துவிடும். டின் வெயிலில் சுடச்சுட இருக்கும்போதே ஊற்றுங்கள். ஆறின டின்னில் மெழுகு பட்டதும் உறைந்து, பின்னால் செதில் செதிலாக உதிரும். துணி சுற்றிப் பிடித்து, அடி, சுவர், கழுத்து எல்லாம் படும்படி உருட்டி, மிச்சத்தை வடித்துவிடுங்கள்.

ஆறினதும் டார்ச் அடித்து மூட்டுத் தையலைப் பாருங்கள். துரு ஆரம்பிப்பது பெரும்பாலும் அந்த மடிப்பில்தான். இரும்பு தெரிந்தால் அங்கே மட்டும் பிரஷ்ஷால் இன்னொரு கை.

ஃபேக்டரி டின்னுக்குள் பொன்னிறமாகத் தெரிகிற எபாக்சி-பினாலிக் லாக்கர் என்கிற பிசின் பூச்சு 200 டிகிரி வாக்கில் சுட்டு இறுக்கியது. அது வீட்டில் ஆகாது. பெயிண்ட் கடை எபாக்சியை அதற்குப் பதிலாக அடிக்கவும் கூடாது.

சூடான தேனை இதில் ஊற்றாதீர்கள், டின்னை உச்சி வெயிலில் வைக்காதீர்கள். காலியானபின் பச்சைத்தண்ணீரில் கழுவினால் போதும், வெந்நீர் பட்டால் பூச்சு இளகிவிடும்.