குறைந்த செலவில் ரவுட்டர்: முதலில் போர்ட்டைப் பாருங்கள்

போன முறை நான்கு ஆன்டெனா இருக்கிறதே என்று நம்பி ஒரு ரவுட்டர் எடுத்தேன். இணைப்பு 200 எம்பிபிஎஸ் (Mbps), அதாவது நொடிக்கு 200 மெகாபிட் வேகம். எத்தனை முறை சோதித்தாலும் வேகம் 95-ஐத் தாண்டவில்லை. காரணம் பின்புறத்தில் இருந்தது. இணையக் கேபிள் செருகும் வேன் (WAN) போர்ட் 100 எம்பிபிஎஸ் வகை. வைஃபை எவ்வளவு வேகமானாலும் இணையம் அந்த வாசல் வழியாகத்தானே உள்ளே வர வேண்டும்? அதனால் பெட்டியில் '10/100' என்று மட்டும் இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். '10/100/1000' அல்லது 'கிகாபிட்' என்று இருக்க வேண்டும். உங்கள் இணைப்பே 100-க்குள் என்றால் பரவாயில்லை.

பெட்டியில் வைஃபை வேகமாகப் போடும் 'ஏசி1200' (AC1200) என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 300 எம்பிபிஎஸ், 5 கிகாஹெர்ட்ஸில் 867. இரண்டையும் கூட்டி, கொஞ்சம் ஏற்றிச் சொல்வதுதான் 1200. ஆனால் இரண்டு அலைவரிசையும் கட்டாயம் வேண்டும்: 2.4 சுவரைத் தாண்டிப் போகும், 5 பக்கத்தில் வேகம் தரும்.

நிறைய கருவிகள் ஒரே நேரத்தில் இயங்கும் வீடு என்றால், கட்டுப்படியானால் ஏசிக்கு அடுத்த தலைமுறையான வைஃபை 6 எடுங்கள். வைஃபையைப் பூட்டி வைக்கும் புதிய முறையான டபிள்யூபிஏ3 (WPA3) பாதுகாப்பும் இருக்கட்டும்.

அப்புறம், வாங்கும் முன் பழைய ரவுட்டரை அலமாரியிலிருந்து எடுத்து, வீட்டின் நடுவில் உயரமாக வைத்துப் பாருங்கள். அம்மாவின் அறைக்கு சிக்னல் அதிலேயே வந்துவிட்டது.